நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள்



வீட்டிற்குள் மிதிக்கும் சைக்கிளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, டயரை உருளையோடு அழுந்த வைக்கிறோம். காந்த வகையில், உருளையோடு சுழலும் உலோகத் தகட்டில் மின்னோட்டம் உண்டாகிச் சுழற்சியை எதிர்க்கிறது. வேகம் கூடக்கூட மிதி கனப்பது இதனால்தான்.

உருளையோடு கனமான சக்கரமும் இணைந்திருப்பதால், நாம் மிதிப்பதை நிறுத்திய பின்னும் சக்கரங்கள் சற்று நேரம் சுழலும். ஆபத்து அங்கேதான். கம்பிகளுக்குள் கைவிடும் பிள்ளையின் விரல் துண்டாகிவிடலாம். ஆகவே சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் மிதிக்க வேண்டாம். சக்கரம் முழுதும் நின்றபின்பே இறங்குவோம்.

எதிர்க்காற்று இல்லாததால் உடல் விரைவில் சூடேறும். மின்விசிறியும் குடிநீரும் அருகிலிருக்கட்டும். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.