படிப்பும் ஊழியமும்

அமெரிக்கா செல்ல விரும்பும் நம் குலத்து இளைஞர் சிலர், "அங்கே வேலை செய்தே கலாசாலைச் சம்பளத்தைக் கட்டிவிடுவோம்" என்று கூறிப் பெற்றோரை நிலத்தை ஈடு வைக்கச் செய்கின்றனர். இதனை நாம் சற்று ஆராய்தல் வேண்டும்.

வறிய மாணாக்கர்க்கு வேலையும் கூலியும் அளிக்கும் ஏற்பாட்டை அத்தேசத்துச் சர்க்கார் 1964-ஆம் ஆண்டிற் சட்டமாக்கினர். ஆயின், மாணாக்கராக அனுமதி பெற்றுச் செல்லும் அந்நியர்க்கு அஃது இல்லை. நம்மவர் கலாசாலை எல்லைக்குள் வேறு வேலை பார்க்கலாம். அதுவும் பாடகாலத்தில் வாரம் 20 மணி நேரமே. 2009-இல் விதித்த குறைந்தபட்சக் கூலியாகிய மணிக்கு 7.25 டாலர் வீதம் பார்த்தால், வாரம் 145 டாலர். சோற்றுக்கு ஆகும், சம்பளத்துக்கு ஆகாது.

ஊழியத்தை நாம் இகழ்கின்றோமில்லை. கென்டக்கி மாகாணத்துப் பெரீயா கலாசாலையில் மாணாக்கர் சம்பளம் கட்டுவதில்லை. ஆனால் அனைவரும் வாரம் 10 மணி நேரமேனும் உழைத்தே தீர வேண்டும். அங்ஙனம் உழைப்பதும் அவர்கட்குக் கல்வியே. நம் வீட்டில் உண்ட தட்டைக் கழுவியறியாத பிள்ளை அயல்நாட்டிலேனும் அதனைக் கற்பானாயின் நன்றே!

பெற்றோர்களே, ஈட்டுப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் கலாசாலையார் விடுத்த கடிதத்தை நம் சங்கத்துக்குக் கொணருங்கள். உதவித்தொகை எவ்வளவு, கட்டவேண்டுவது எவ்வளவு என்பதைச் சேர்ந்திருந்து கணக்குப் பார்ப்போம்.