விரலைக் காட்டிய டிவி

பண்டிகை நாள் வந்தால் ஏதாவது ஒரு சேனலில் 'தில்லானா மோகனாம்பாள்' வந்துவிடுகிறது. 1968-ல் வந்த படம். எத்தனை தடவை போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிறோம். நாதஸ்வரம் வாசித்துப் பிழைக்கிற நான் பார்க்காமல் இருப்பேனா? சிவாஜி கணேசன் கன்னம் உப்ப, விரல் ஓட, சீவாளியை வாயில் வைக்கிற அழகைப் பார்த்து அசந்துபோகாத நாதஸ்வரக்காரன் எங்கள் தருமபுரி வட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் அந்த நாதம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அதே போல 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'. எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு போகிற அந்த நாதஸ்வரம் காருக்குறிச்சி அருணாசலத்துடையது. திரையில் வாசிக்கிறவர் ஜெமினி கணேசன்.

நடித்தவர்களுடைய விரலை அறுபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வாசித்தவர்களுடைய விரலை எங்கே போய்ப் பார்ப்பது?

வாசித்தவர் விரலைக் காட்டியது டிவி. பழைய தூர்தர்ஷன். 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி சென்னை நிலையம் தொடங்கிய பிறகு வந்த இசை நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 'ஒளியும் ஒலியும்' எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, 'வயலும் வாழ்வும்' ஞாபகம் இருக்கிறது. கச்சேரிகளை யாரும் பேசுவதில்லை. அவை திரும்ப வருவதும் அபூர்வம். ஏன் வருவதில்லை என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில், விரலைப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குழலான உலவு, அடியில் விரிகிற அணசு, வாயில் வைத்து ஊதுகிற சீவாளி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பேர்தான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கிற துளை ஏழு. சுத்த ரிஷபத்துக்கு ஒரு துளை, சதுச்ருதி ரிஷபத்துக்கு ஒரு துளை என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே துளைதான். அந்த வித்தியாசத்தைத் துளையை விரலால் பாதி மூடியும் கொண்டுவரலாம், சீவாளியைக் கவ்வுகிற உதட்டை இறுக்கியும் கொண்டுவரலாம், காற்றைக் குறைத்தும் கொண்டுவரலாம். பெரிய வித்வான்கள் மூன்றையும் கலப்பார்கள். எந்த இடத்தில் எதைக் கலந்தார் என்பது காதுக்குத் தெரியாது. கேட்டால் தெரியாது, நேயர்களே. பார்த்தால்தான் தெரியும்.

நான் பார்த்தேன். நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களுடைய வாசிப்பை டிவியில் பார்த்தேன்.

1990-ஐ ஒட்டிய வருஷங்கள். எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் டிவி இருந்த வீடுகள் குறைச்சல். ஆன்டெனாவை ஒருவர் மேலே நின்று திருப்ப, கீழேயிருந்து ஒருவர் "போதும், போதும்" என்று கத்துகிற காலம். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார். நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "கேக்கறது ரேடியோவுல கேட்டுக்கலாம்டா. இப்ப கண்ணால பாரு" என்றார்.

தோடி வாசித்துக்கொண்டிருந்தார் நாமகிரிப்பேட்டையார். தோடியில் காந்தாரம் அசைய வேண்டும். அசையாத காந்தாரம் தோடியே இல்லை. அதை விரலை ஆட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் பையன்கள் விரலை உதறி உதறிப் பழகிக்கொண்டிருந்தோம். திரையில் பார்த்தால் அவர் விரல் அசைவதே தெரியவில்லை. துளையை விட்டு மயிரிழை அளவு எழும்புகிறது, உட்காருகிறது. மற்றதெல்லாம் உதட்டிலும் மூச்சிலும் நடக்கிறது. கேமரா அந்தக் கையை விட்டு நகரவே இல்லை. ரொம்ப நேரம் நகரவில்லை. அன்று அந்தக் கேமராவைப் பிடித்தவர் யாரோ, அவரை நான் என் இரண்டாவது ஆசிரியர் என்று சொல்லுவேன்.

நாமகிரிப்பேட்டையார் 1924-ல் பிறந்தவர், 2001-ல் மறைந்தார். 1981-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நாமகிரிப்பேட்டை இன்றைக்கு நாமக்கல் மாவட்டம். 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும் அந்த ஊரும் எங்கள் நல்லம்பள்ளியும் ஒரே சேலம் ஜில்லா. நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர்க் காவிரிக்கரைதான் என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பதில் அவர்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மலை இறங்கி வருகிற வேகம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு நாமகிரிப்பேட்டையார்தான். நாதத்தை முரட்டுத்தனமாக ஊதாமல், பாடுகிறவர் வார்த்தையை உச்சரிக்கிற மாதிரி, சன்னமாக, இழைத்து இழைத்து வாசிப்பார். ஒரு கீர்த்தனையை அவர் வாசித்தால் சாகித்தியம் காதில் விழும். இசைத்தட்டிலும் கேசட்டிலும் அவர் ஒலி இன்னும் இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் வித்வான் இல்லாத முகூர்த்தத்துக்கு இன்றைக்கும் பதிவுகளைத்தானே போடுகிறார்கள்? ஒலி இருக்கிறது. விரல்தான் கிடைக்கவில்லை. நான் அன்று பார்த்த அந்தத் தோடி அதற்குப் பிறகு என் கண்ணில் படவே இல்லை.

சரி, எங்கே போகின்றன இந்த நிகழ்ச்சிகள்?

முதல் காரணம் டேப். அந்தக் காலத்து வீடியோ டேப் வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். சிலேட்டில் எழுதி அழிக்கிற மாதிரி அழித்து எழுதினார்கள். நம் நாட்டில் மட்டும் நடந்ததில்லை இது. லண்டன் பி.பி.சி.யிலும் 1970-கள் வரைக்கும் இதே வழக்கம். 1963-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்கிற தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் இப்படிப் போய்விட்டன. 2013-ல் அதில் ஒன்பது பகுதிகளை நைஜீரியாவில் ஒரு டிவி நிலையத்தில் கண்டெடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், காணாமல் போன பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது. நேயர்கள் வீட்டில் உட்கார்ந்து டேப்ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கேயும் அதே கதைதான், பாருங்கள். ஒலி இருக்கிறது, படம் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிராமத்திலேயே நடந்தது ஒன்று சொல்கிறேன். ஒரு பெரிய நாதஸ்வரக்காரர் வந்து வாசித்த கல்யாணம். வி.எச்.எஸ். கேசட்டில் முழுவதும் எடுத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து நான் போய்க் கேட்டேன். போட்டுக் காட்டினார்கள். ஜானவாசம் வந்தது, மல்லாரி தொடங்கியது, திடீரென்று கிரிக்கெட் மேட்ச் வந்துவிட்டது. மல்லாரி நான்கு நிமிஷம்கூட மிச்சமில்லை. டேப் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் யாராவது அதன் மேல் வேறொன்றைப் பதிந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, மெஷின். டேப் தப்பிப் பிழைத்திருந்தாலும் அதை ஓட்டுகிற மெஷின் வேண்டும். யூ-மேட்டிக் என்று முக்கால் அங்குல டேப் ஒன்று இருந்தது. சோனி கம்பெனி 1971-ல் கொண்டுவந்தது, பிறகு பீட்டாகேம் வந்தது. அந்த மெஷின்களை இப்போது யாரும் செய்வதில்லை. பழைய மெஷின் கிடைத்தாலும் ரிப்பேர் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். நம் ஊர் ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். பக்குவமாக எடுத்து டிஜிட்டலுக்கு மாற்ற ஆள் வேண்டும், பணம் வேண்டும், நாள் வேண்டும்.

மூன்றாவது, உரிமை. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு பழைய நிகழ்ச்சியில் பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், வாசித்தவர், தயாரித்தவர் எல்லோருக்கும் பங்கு உண்டு. நம் காப்புரிமைச் சட்டத்தில் ஒளிபரப்பிய நிறுவனத்தின் உரிமை 25 வருஷம். ஆனால் எழுதியவருடைய உரிமை அவர் காலமாகி 60 வருஷம் வரைக்கும். கலைஞர்களுடைய உரிமையை 1994-ல்தான் சட்டத்தில் சேர்த்தார்கள், 1999-ல் அதை 50 வருஷமாக்கினார்கள். சினிமாப் பாட்டு வருகிற நிகழ்ச்சி என்றால் சிக்கல் இரட்டிப்பு. அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் மறு ஒளிபரப்பைப் பற்றி ஒரு வரி இல்லாமல் போயிருந்தால், யாரிடம் கேட்பது என்று தெரியாமலே டேப் அலமாரியில் கிடக்கும். கலைஞனுக்கு உரிமைத்தொகை வர வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நானும் கலைஞன்தான். ஆனால் தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லையே! ஸ்டுடியோ தூர்தர்ஷனுடையது, கேமரா தூர்தர்ஷனுடையது. வாசித்தவர் குடும்பத்தைத் தேடிப்போய்ச் சம்மதம் வாங்கி, நியாயமான தொகை கொடுத்தால் போதும். கச்சேரிக்குத்தான் வழி சுலபம். கச்சேரியைத்தான் கடைசியில் வைக்கிறார்கள்.

அடுத்தபடியாக ஒரு பேச்சு அடிபடுகிறது. பழசை யார் பார்ப்பார்கள், மெதுவாக இருக்கும் என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது. 2020 மார்ச் 28-ம் தேதி, ஊரடங்கில், 1987-ல் வந்த 'ராமாயண'த்தை தூர்தர்ஷன் மறுபடி போட்டது. நாடே உட்கார்ந்து பார்த்தது. மெதுவாக இருக்கிறது என்று எழுந்தா போனார்கள்? மெதுவாக இருந்ததால்தான் நான் தோடியின் காந்தாரத்தைக் கற்றேன். இன்றைக்கு ஒரு கோயில் கும்பாபிஷேக நேரலையைப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைப்பதற்குள் கேமரா கோபுரத்துக்குப் போய்விடும், அங்கிருந்து கூட்டத்துக்கு, அங்கிருந்து ட்ரோன். ஒரு சங்கதி முழுசாக விரலில் தெரியாது. கேமரா இருபது இருக்கிறது, பொறுமை ஒன்றுகூட இல்லை. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளிலும் அப்படித்தான். வாசிக்கிறவர் கையைக் காட்டுவதைவிட நடுவர் கண்ணீரைத்தான் அதிக நேரம் காட்டுகிறார்கள்.

தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் பழைய கச்சேரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூடியூபில் போட்டுவருகிறது. நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை 2024-ல் டிடி தமிழ் ஆகிவிட்டது. அதில் தினமும் விடியற்காலை அரை மணி நேரம் பழைய மங்கல இசைக்கு ஒதுக்கினால் என்ன? வானொலி காலையில் மங்கல இசையோடுதான் எழுகிறது. டிவிக்கும் அந்த அரை மணி நேரம் பெரிய பாரமில்லை. எங்கள் பிள்ளைகள் சாதகம் பண்ணுகிற நேரம் அது. எதிரில் ஒரு வித்வானுடைய விரல் இருந்தால் போதும்.

உங்களிடமும் ஒரு வேலை இருக்கிறது. டிவியில் வந்த கச்சேரியை வி.சி.ஆரில் பிடித்து வைத்தவர்கள், வித்வான்கள் வாசித்த கல்யாணக் கேசட் வைத்திருக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். பரணிலிருந்து இறக்குங்கள். பூஞ்சை தெரிந்தால் வீட்டு மெஷினில் போட்டுப் பார்க்காதீர்கள், நேரே மாற்றித் தருகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, ஆலாபனை நீளமாக இருக்கிறது என்று வெட்டக்கூடாது. இரண்டு, பழைய சதுரப் படத்தை இந்தக் கால அகலத் திரைக்காக இழுக்கவும் கூடாது, மேலும் கீழும் நறுக்கவும் கூடாது. நாதஸ்வரம் நெடுக்காகப் பிடிக்கிற வாத்தியம். மேலே நறுக்கினால் உதடு போகும், கீழே நறுக்கினால் வலது கை போகும். ஓரத்தில் கறுப்பாக இடம் விழுந்தால் விழட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.