நீரைக் குறைக்காத திரிகை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலுக்கும், 1905-இல் நம் பெங்களூர்த் தெருக்களுக்கும் மின்சாரம் அளித்தது காவிரியின் சிவசமுத்திர அருவி. ஆயினும், அருவியிடம் வேலை வாங்கும் கலை மின்சாரத்தோடு பிறந்ததன்று. இமயச் சாரலில், உத்தரகண்டிலும் இமாசலத்திலும், சிற்றூர் மக்கள் அதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அவர்களுடைய நீர்த்திரிகைக்குக் 'கராட்' என்று பெயர்.

அதன் அமைப்பு எளியது. ஓடையினின்று பிரியும் சிறு வாய்க்காலின் நீர், சரிவான மரத் தூம்பின் வழியே அருவியாய்ப் பாய்ந்து, கிடையாகச் சுழலும் சக்கரத்தின் இதழ்களில் மோதுகிறது. சக்கரத்தின் அச்சு, அசையாத அடிக்கல்லின் துளை வழியே எழுந்து மேற்கல்லைச் சுழற்றுகிறது. நம் வீட்டுத் திரிகையில் கை செய்யும் வேலையை அங்கே நீர் செய்கிறது. கல்லின்மீது உராயும் சிறு குச்சியொன்று, மேலே தொங்கும் தானியக் கூடையை அதிர்விக்கிறது. கல் விரைந்தால் தானியம் மிகுதியாய் விழும். கல் நின்றால் தானியமும் நிற்கும். மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வேண்டா! கூலியோ, அரைத்ததில் ஒரு பங்கு.

டீசல் இயந்திரமும் மின்சார ஆலையும் வந்தபின் பல கராட்டுகள் ஓய்ந்தன. ஓடைகள் மெலிந்தமையும் ஒரு காரணம். சிலவற்றில் இரும்புச் சக்கரம் பொருத்தி, மாவோடு மின்சாரமும் பெறுகின்றனர்.

இத்திரிகை எடுப்பது நீரின் விசையை மட்டுமே, நீரை அன்று. சக்கரத்தை நீங்கிய நீர் ஓடையிலே சேர்ந்து கீழூரின் திரிகைக்கும் வயலுக்கும் செல்கிறது. சிவசமுத்திரத்தில் மின்சாரம் தந்த நீரும் காவிரியில் கலந்து மேட்டூரை நோக்கியே ஓடுகிறது.

வயலில் பாய்ந்த நீர் அவ்வாறு முழுதும் திரும்புவதில்லை. ஆதலின் அங்கே பங்கீடு வேண்டும். பங்கீட்டில் பூசலும் எழுகிறது. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் காவிரிப் பூசலால் இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி ஒடுங்கிய நாட்களை நாம் மறந்திலோம். மேல் நிலையத்தில் புறப்படும் வண்டி கீழ் நிலையத்தாருக்கும் உரியது என்பது இரயில்வேயில் பணிபுரியும் நமக்குத் தெரியும். ஆற்றுக்கும் அதுவே முறை.

பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்த நாமும் அத்திரிகையைப் போல் வாழ்வோமாக. இவ்வூர் தரும் வாழ்வைப் பெறுவோம். உழைப்பாலும், கன்னடம் கற்று அண்டை வீட்டாரோடு உறவாடுவதாலும் இவ்வூருக்கே திருப்பி அளிப்போம். நம் தமிழும் அதனால் குறைந்துவிடாது.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்!