கடைவீதியில் ஊரின் முகம்



கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் கிழக்கு ஓரத்தில், செமேனஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1862இல் அங்கே முதல் மரஅறுவை ஆலை வந்தது. அதற்குப் பின் ஆலைகள் மாறின, முதலாளிகள் மாறினார்கள், ஊருக்குச் சோறு போட்ட தொழில் மட்டும் மாறவில்லை. காட்டில் வெட்டிய மரம் ஆலைக்கு வரும், அறுத்த பலகை கப்பலேறும், சம்பளப் பணம் கடைவீதிக்கு வரும். 1980களின் தொடக்கத்தில் மரச் சந்தை சரிந்தது. 1983இல் மேக்மில்லன் பிளோடெல் நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. ஒரே ஒரு தொழிலை நம்பி வாழ்ந்த ஊர் அதன்பின் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செமேனஸ் காலியாகவில்லை. ஆலை மூடுவதற்கு முந்தைய ஆண்டான 1982லேயே அதன் கடைவீதிச் சுவர்களில் வண்ணம் ஏறத் தொடங்கியிருந்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அந்த ஊரில் உள்ளன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். இந்தப் பொழிவு செமேனஸில் தொடங்கி, அதே காலத்தில் அதே வகை அடியை வாங்கிய வேறு சில சிற்றூர்களுக்கும் போகிறது.

செமேனஸில் இந்த யோசனையைச் சொன்னவர் கார்ல் ஷுட்ஸ். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். ஓவியர் அல்லர், தொழில் நடத்தியவர். 1970களின் தொடக்கத்தில் ருமேனியாவுக்குப் போனபோது, புகோவினா வட்டாரத்து மடாலயத் தேவாலயங்களைப் பார்த்தார். அவற்றுக்கு உள்ளே மட்டுமல்லாமல் வெளிச்சுவரிலும் அடி முதல் கூரை வரை ஓவியம் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது வொரொனெட்ஸ். 1488இல் எழுப்பிய அந்தத் தேவாலயத்தின் வெளிச்சுவர் ஓவியங்கள் 1547இல் வரையப்பட்டவை. மேற்குச் சுவர் முழுவதையும் இறுதித் தீர்ப்புக் காட்சி நிறைத்திருக்கிறது. எழுத்தறியாத குடியானவர்களும் வாசலில் நின்றபடியே வேதக் கதையைப் படித்துக்கொள்ள அமைந்த சுவர்கள் அவை. வெயிலையும் பனியையும் நானூறு ஆண்டுக்கு மேல் தாங்கி நிற்கின்றன.

ஊர் திரும்பிய ஷுட்ஸ் சொன்ன யோசனை உடனே எடுபடவில்லை. பத்தாண்டு கழித்து, கடைவீதிச் சீரமைப்புக்கு மாகாண அரசின் நிதி கிடைக்கும் நிலை வந்தபோதுதான் உள்ளாட்சி அதைக் கையில் எடுத்தது. அந்த வட்டாரத்தின் மேயர் கிரஹாம் புரூஸ் துணை நின்றார். நடைபாதை, விளக்கு, செடித்தொட்டி என்று போகவிருந்த பணத்தில் ஒரு பகுதி சுவர்களுக்குப் போனது. கலை வளர்ப்பதற்கென்று வந்த பணம் அன்று, கடைவீதியைத் தூக்கி நிறுத்த வந்த பணம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் வணிகர்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சுவரையும் தொட முடியாத நிலை இருந்தது. அந்தக் கட்டாயம் பிற்பாடு ஊருக்கு நன்மையாகவே முடிந்தது.

முதல் ஓவியத்தை ஃபிராங்க் லூயிஸ், நான்சி லகானா ஆகிய இருவரும் வரைந்தார்கள். அதன் பொருள் ‘நீராவிக் கழுதை’. பெயர்தான் கழுதை, ஆள் எந்திரம். நெட்டையான கொதிகலன் ஒன்று, அதன் பக்கத்தில் இரும்பு வடம் சுற்றும் உருளைகள், இரண்டையும் தாங்கும் பெருமரக் கட்டைகளாலான சறுக்குமேடை. காட்டுக்குள் வெட்டிச் சாய்த்த மரத்தில் வடத்தைக் கட்டிவிட்டால், உருளை சுழன்று அதைத் தரதரவென இழுத்துக்கொண்டு வரும். எருதும் குதிரையும் இழுத்த பாரத்தை இந்த எந்திரம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்தக் கரையின் மரத்தொழில் பெருகியது. அந்த எந்திரத்தோடு மல்லுக்கட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடமாடும் தெருவில் அந்தப் படம் எழுந்தது. வடம் தவறான இடத்தில் சுற்றியிருந்தால் டீக்குடிக்க வந்தவர்களே பிழை சொல்லியிருப்பார்கள்.

செமேனஸ் செய்த முதல் நல்ல காரியம் இதுதான். சூரிய அஸ்தமனம், பூந்தோட்டம், பறக்கும் புறா என்று எந்த ஊருக்கும் பொருந்தும் படங்களை அது வரையவில்லை. தன் ஊரில் நடந்ததை மட்டுமே வரையச் சொன்னது. பழைய நிழற்படங்களை வீடுவீடாகத் தேடி எடுத்தால்தான் அது நடக்கும். அந்தத் தேடலில் ஊர் தன் பழங்கதையை மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டது.

கேட்கக் கேட்க, சங்கடமான கதைகளும் வெளிவந்தன. மரம் வெட்ட வந்தவர்களுக்கு முன்பே அந்த நிலத்தில் வாழ்ந்த பழங்குடிகள் இருந்தார்கள். 1983இல் பால் இகார்ட்டுவா அவர்களின் முகங்களைப் பெருஞ்சுவரில் தீட்டினார். ஆலையில் உழைத்த சீனர்கள் இருந்தார்கள். ஜப்பானியக் குடும்பங்கள் இருந்தன. ஷிகே யோஷிடா என்ற ஜப்பானியச் சிறுவனை, இனத்தைக் காரணம் காட்டி, உள்ளூர்ச் சாரணர் படை சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் அஞ்சல் வழியாகப் பயிற்சி பெற்றுத் தனிச் சாரணன் ஆனான். வளர்ந்தபின், ஜப்பானியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சாரணர் படையை அதே ஊரில் அமைத்தான். 1942இல் கனடா அரசு பசிபிக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடுவாசலிலிருந்து பெயர்த்து உள்நாட்டுக்கு அனுப்பியது. செமேனஸ் குடும்பங்களும் அதில் போயின. 1949 வரை கரைப்பக்கம் திரும்ப அனுமதி இல்லை. வீடும் படகும் அதற்குள் கைமாறிவிட்டன.

அந்தத் தனிச் சாரணன் இப்போது செமேனஸின் ஒரு சுவரில் இருக்கிறான். வரைந்தவர் ஸ்டான்லி டனிவா. ஊர்வலத்தில் பரிசு வென்ற ஜப்பானியக் குடும்பங்களின் அலங்கார வண்டியை ஜாய்ஸ் கமிகுரா இன்னொரு சுவரில் வரைந்திருக்கிறார். இருவருமே ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்கள். ஒரு சமூகத்தையே பெயர்த்து அனுப்பிய கரையில், அந்தச் சமூகத்தின் பெயரையும் முகத்தையும் கடைவீதி நடுவில் வைத்தது எளிதான செயல் அன்று. சுற்றுலாவுக்காகத் தொடங்கிய திட்டம் என்று இதைக் குறைத்துப் பேசுவோர் இந்த இரண்டு சுவர்களின் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

ஆலை 1985இல் மறுபடி திறந்தது. ஆனால் முன்னைக் காட்டிலும் மிகக் குறைந்த ஆட்களுக்குத்தான் அதில் வேலை. மீதிப் பேருக்குச் சுவரோவியம் ஆலைச் சம்பளத்தைக் கொடுத்துவிடவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆனால் கடைகள் பூட்டாமல் இருந்தன, உணவகங்கள் வந்தன, 1993இல் ஒரு நாடக அரங்கம் திறந்தது.

செமேனஸைப் பார்த்து மற்ற ஊர்களும் தூரிகை எடுத்தன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவில் உள்ள ஷெஃபீல்டு, நீர்மின் திட்டம் முடிந்து தொழிலாளர்கள் கிளம்பிப் போனதும் வாடிய ஊர். 1986இல் அங்கே முதல் ஓவியம் வந்தது. 2003இல் போட்டி விழாவும் தொடங்கினார்கள்: ஒரு கவிதையைக் கொடுத்து, ஓவியர்களை ஒரு வாரம் மக்கள் முன்னிலையிலேயே வரையச் சொல்வார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து டாப்பனிஷ் 1989இல் இறங்கியது. ஒரே நாளில் பல ஓவியர்கள் கூடி ஒரு சுவரை முடிக்கும் வழக்கம் அந்த ஊருடையது.

சிற்பத்துக்கு வருவோம். கொலராடோ மாநிலத்தின் மேற்கில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊர். அதன் அருகே பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் பெருந்திட்டத்தை எக்ஸான் நிறுவனம் நடத்திவந்தது. 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை, அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அந்த நாளை ‘கறுப்பு ஞாயிறு’ என்றே அவ்வட்டாரத்தில் சொல்கிறார்கள். இரண்டே ஆண்டில், 1984இல், டேவ் டேவிஸ் என்ற உள்ளூர்ச் சிற்பியின் யோசனைப்படி, கடைவீதியின் முக்குகளில் சிற்பங்களை நிறுத்தத் தொடங்கினார்கள்.

இதில் உள்ள ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. கைக்காசு இல்லாத நேரத்தில் ஓர் ஊர் எப்படிச் சிற்பம் வாங்கும்? வாங்கவில்லை, இரவல் வாங்கியது. சிற்பிகள் தங்கள் படைப்பை ஓராண்டுக்குக் கொடுப்பார்கள். அவர்களுக்கு ஒரு சிறு தொகை உண்டு. படைப்பை யாரும் விலைக்கு வாங்கலாம். ஆண்டு முடிந்ததும் வேறு சிற்பங்கள் வரும். மக்களுக்குப் பிடித்துப்போனவற்றை ஊரே வாங்கித் தங்கவைத்துக்கொள்ளும். பிடிக்காதது ஓராண்டில் போய்விடும் என்பதால் சண்டைக்கும் இடம் குறைவு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் அந்த வீதிகளில் உள்ளன. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ், கனடாவின் கேசில்கர் என்று இதே இரவல் முறையைப் பின்பற்றும் ஊர்கள் பல.

அங்கே நிற்கும் வெண்கலச் சிற்பங்களில் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். குளியல் தொட்டிக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய அவலான் திரையரங்கின் முன்னால், நடைபாதையிலேயே தொட்டி. அவர் ஹாலிவுட் திரைக்கதாசிரியர் டால்டன் டிரம்போ. தொட்டியில் அமர்ந்து எழுதுவது அவர் வழக்கம்; அவர் மகள் எடுத்த நிழற்படம் ஒன்று அதற்குச் சாட்சி. டிரம்போ வளர்ந்தது கிராண்ட் ஜங்ஷனில். பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர் நாளிதழில் செய்தி எழுதினார். 1935இல் அவர் வெளியிட்ட முதல் நாவல், அந்த ஊரையே வேறு பெயரில் படம் பிடித்தது. கொடுத்துக் கொடுத்தே நொடித்துப்போன ஒரு கடை முதலாளியை ஊர் எப்படிக் கைவிட்டது என்று அது சொன்னது. எந்தப் பாத்திரம் யார் என்று ஊராருக்கு உடனே தெரிந்துவிட்டது. கோபம் பல ஆண்டுகள் ஆறவில்லை. பின்னர் டிரம்போ, கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பதில் சொல்ல மறுத்ததற்காகச் சிறைக்குப் போனார். ஹாலிவுட் அவருக்கு வேலை தர மறுத்த காலத்தில் வேறு ஒருவர் பெயரில் எழுதிய ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. விருதில் டிரம்போவின் பெயர் ஏறியது 1993இல், அவர் இறந்து 17 ஆண்டு கழித்து.

அவரை 2007இல் ஊர் அழைத்துவந்து தன் கடைவீதியில் உட்காரவைத்தது. குழந்தைகள் அந்தத் தொட்டி விளிம்பில் ஏறி விளையாடுகிறார்கள். தன்னைத் திட்டி எழுதியவருக்குச் சிலை வைக்க ஓர் ஊருக்குப் பெரிய மனது வேண்டும். கிராண்ட் ஜங்ஷனுக்கு அது வர எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

எல்லா ஊரும் இப்படித் தேறிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒஹாயோ நதிக்கரையில் போர்ட்ஸ்மத். 1937 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய தடுப்புச் சுவர் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் நின்றது. 1993இல் ராபர்ட் டாஃபோர்ட் என்ற ஓவியர் அதில் ஊரின் வரலாற்றை வரையத் தொடங்கினார்; இருபது அடி உயரம், ஏறத்தாழ இரண்டாயிரம் அடி நீளம். ஓவியம் அருமையானது. ஆனால் 1930இல் 42,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் 2020இல் இருந்தவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். எஃகு ஆலையும் செருப்பு ஆலையும் போனபின், வலிநிவாரண மாத்திரைப் போதை அந்த ஊரைச் சூறையாடியது. சுவரோவியம் அதைத் தடுத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது ஓவியருக்குச் செய்யும் அநீதி. வேலையும் மருத்துவமும் செய்ய வேண்டியதை வண்ணம் செய்யாது.

அதே டாஃபோர்ட் 1996இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்காவிலும் இறங்கினார். 1937 வெள்ளத்தில் ஏறத்தாழ 27,000 பேர் ஊரைவிட்டு வெளியேறிய இடம் அது. அங்கே தடுப்புச் சுவரில் ஐம்பதுக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன.

இனி, திறப்பு விழாக்களில் யாரும் பேசாத ஒரு விஷயம். வெளிச்சுவர் ஓவியத்துக்கு முதல் எதிரி வெயில். தெற்குப் பார்த்த சுவரில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். இரண்டாவது எதிரி சுவரின் உள்ளேயே இருக்கிறது. அடியிலிருந்து ஓதம் ஏறினால் உப்புப் பூக்கும், உப்புப் பூத்தால் பூச்சு பொருக்காக உரியும். மேலே எவ்வளவு உயர்ந்த அக்ரிலிக் வண்ணம் இருந்தாலும் அடியோடு பெயர்ந்து வரும். அதனால்தான் இப்போது பல ஊர்களில் தனிப் பலகைகளில் வரைந்து, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பொருத்துகிறார்கள். கட்டடம் கைமாறினாலும் படத்தைக் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம். எப்படி வரைந்தாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டி ஏறித்தான் ஆக வேண்டும். முதல் படத்துக்குக் கொடையாளர் கிடைப்பார். பதினைந்தாம் ஆண்டு மறுபூச்சுக்குக் கிடைப்பது அரிது.

மறுபூச்சுக்குப் பணம் மட்டும் போதாது, கைதேர்ந்த ஆளும் வேண்டும். போர்ட்ஸ்மத் சுவரில் வேலை நடந்த நாட்களில் ஹெர்ப் ரோ என்ற உள்ளூர் இளைஞர் டாஃபோர்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பல ஆண்டு அவரோடு ஊர் ஊராக வரைந்து தொழில் கற்றார். பின்னாளில் படூக்காவின் படங்களைப் புதுப்பிக்கும் பணியை ஏற்றவரும் அவரே.

இதைக் கேட்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும், வணிகர் சங்கத்தாருக்கும், நன்கொடை தர மனமுள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சுவருக்கோ சிலைக்கோ பணம் ஒதுக்கும்போது, பராமரிப்புக்கான தொகையையும் அன்றே தனியாக வங்கியில் போட்டுவையுங்கள். சாரத்தின்மேல் ஏறும் ஓவியரோடு உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கூலி கொடுத்து ஏற்றிவிடுங்கள்.