மேற்பகுதியும் அடித்தட்டும்: பாதணிகளின் சுங்க வகைப்பாடு பற்றிய ஆய்வரங்கின் தலைமை உரை



இந்த ஆய்வரங்கு மருதானையில் கூடுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. புறக்கோட்டை மொத்த வியாபாரிகளும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைக்காரர்களும், சுங்கத் திணைக்களப் படிகளில் நாள்தோறும் ஏறி இறங்கும் வார்ஃப் கிளாக்குமாரும் எளிதில் வந்துசேரும் இடம் இது. விரிவுரையாளர்களோடு அவர்களும் இங்கு அமர்ந்திருக்கிறார்கள். இறக்குமதியாகும் சப்பாத்து எந்தச் சுங்கத் தலைப்பில் விழும் என்பதற்கான விடையில் பாதி சட்டத்திலும் பாதி அந்தச் சப்பாத்திலுமே இருப்பதால், இரு சாராரும் கூடித்தான் அதைக் காண முடியும்.

1983இல் பிரசல்சில் உருவாகி 1988 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த எச்.எஸ். என்னும் பொருள் வகைப்பாட்டு முறைமையின் ஆறு இலக்கங்கள் உலகத்துக்குப் பொதுவானவை. இலங்கையில் நாம் அவற்றை எட்டாக நீட்டி வைத்திருக்கிறோம். தீர்வை, செஸ் ஆகியவை அந்த எட்டு இலக்கங்களைப் பார்த்தே விதிக்கப்படுகின்றன. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் வர்த்தமானிகளும் அவற்றையே சுட்டுகின்றன.

பாதணிகளுக்குரியது 64ஆம் அத்தியாயம். அது கேட்பவை இரண்டு கேள்விகள்: மேற்பகுதி எதனால் ஆனது? நிலத்தில் படும் அடித்தட்டு எதனால் ஆனது? அடித்தட்டு ரப்பர், பிளாஸ்டிக் அல்லது தோலாக இருக்கையில், மேற்பகுதி தோலானால் தலைப்பு 6403, துணியானால் 6404; அடியும் மேலும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆனால் பெரும்பாலும் 6402. மேற்பகுதியில் பல பொருள்கள் கலந்திருந்தால், வெளிப்பரப்பில் அதிக இடம் பிடித்திருப்பதே கணக்கு. பக்கிள், ஓரப்பட்டி, அலங்காரம், வலுவூட்டும் துண்டு எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

இதோ, மேசைமேல் இருக்கும் ஓட்டச் சப்பாத்தைப் பாருங்கள். வலைத்துணியின் மேல் பிளாஸ்டிக் பட்டைகள் சூடாக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் பிளாஸ்டிக்கே மிகுதி என்று தோன்றும். ஒரு பட்டையின் ஓரத்தைக் கத்தியால் நெம்பினால், அடியில் துணி அறுபடாமல் தொடர்கிறது. ஆகவே பட்டை வெறும் வலுவூட்டல் என்றும், சப்பாத்து 6404 என்றும் வாதிட இடமுண்டு. பட்டைக்கு அடியில் துணியே இல்லாவிட்டால், அந்தப் பட்டைதான் அவ்விடத்தில் மேற்பகுதி. அப்போது பரப்பை அளந்தே ஆக வேண்டும். ரெக்சினுக்கு வேறு விதி: துணியின் வெளிப்புறத்தில் பூசிய படலம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் அது துணியல்ல, பிளாஸ்டிக்.

விளையாட்டுச் சப்பாத்தில் இன்னொரு சிக்கல். துணி மேற்பகுதியுள்ள பயிற்சிச் சப்பாத்து 6404.11இல் இடம் பெறுகிறது. அதே வடிவத்தில் பிளாஸ்டிக் மேற்பகுதி வந்தால், ஆணியோ ஆணி பொருத்தும் ஏற்பாடோ இல்லாதவரை 6402இன் விளையாட்டுப் பிரிவுக்குள் அது நுழைய முடியாது. விலைப்பட்டியலில் ‘ஸ்போர்ட்ஸ் ஷூ’ என்று விற்பனையாளர் எழுதி அனுப்புவதால் எதுவும் நிலைநாட்டப்படாது.

நம் வீட்டு வாசல்களில் கிடக்கும் ரப்பர் செருப்பையும் புரட்டிப் பாருங்கள். வார்கள் குமிழ்களாக அடித்தட்டைத் துளைத்துப் பூட்டியிருந்தால் 6402.20. ஒட்டியோ தைத்தோ இருந்தால் அந்த உபதலைப்பு பொருந்தாது.

அடித்தட்டுக் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவில் சில துணிச் சப்பாத்துகளின் அடியில் மெல்லிய துணிப்படலம் ஒட்டி, அடித்தட்டே துணி என்று காட்டிக் குறைந்த தீர்வை கட்டினார்கள். உழைக்காத துணி கணக்கில் வராது என்று அந்நாடு பின்னர் தன் தீர்வை அட்டவணையில் ஒரு குறிப்பையே சேர்த்தது. வரியைக் கருதிப் பொருளை வடிவமைப்பது குற்றமல்ல. பொருளில் இல்லாததைப் பத்திரத்தில் எழுதுவதே குற்றம். நம் 1869ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டம் பொய்ப் பிரகடனத்துக்குப் பொருளையே பறிமுதல் செய்ய இடமளிக்கிறது.

கொள்கலன் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்க, தலைப்பு இலக்கம் பற்றி வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நெருக்கடியில் நேர்மையான வியாபாரியும் தலையாட்டிவிடுகிறார். அடுத்த இறக்குமதியிலும் அந்தப் பிழையே அவருக்கு முன்மாதிரியாகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, பொருள் வருமுன்பே வகைப்பாட்டுத் தீர்ப்புக் கோரும் வழியைத் தருகிறது. மாதிரிச் சோடியையும், மூலப்பொருள் விபரத்தையும், வெட்டிய மேற்பகுதியின் படத்தையும் கொண்டு அதைக் கேட்க நம் வியாபாரிகள் பழக வேண்டும். அதற்கு வேண்டிய விளக்கக் கையேட்டை, கிளாக்கு முதல் முதலாளி வரை வாசிக்கும் தமிழில், இந்த அரங்கின் கட்டுரைகளிலிருந்தே தொகுக்க வேண்டுமென்று முன்மொழிகிறேன்.

முதல் அமர்வு 6406ஆம் தலைப்பைப் பற்றியது. உள்ளூர்த் தொழிற்சாலைகள் தருவிக்கும் மேற்பகுதி எந்தக் கட்டத்தில் உதிரிப்பாகமாக இல்லாமல் பாதணியாகிறது என்பது அங்கு விவாதிக்கப்படும். மாதிரிகளும் கத்தியும் அளவுநாடாவும் மேசையில் இருக்கின்றன. கட்டுரையாளர்களை அழைக்கிறேன்.