பீடிக் கூலியும் பெண்களின் உடல்நலமும்



பொருநைக் கரையில் நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்குப் பீடிக் கூலியே வருவாய். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரப் பெண்கள் மடியில் சுளகை வைத்துச் சுற்றுகின்றனர். கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இலையும் தூளும் குறைவாகக் கிடைத்தால் கூலியும் குறையும். 2016 நவம்பரில் பெரிய பணத்தாள்கள் செல்லாதனவானபோது பல இடங்களில் வேலையே தடைப்பட்டது.

வருவாய் சுருங்கினால் அரிசி உடனே குறைவதில்லை; நியாயவிலைக் கடை தாங்குகிறது. முதலில் குறைபவை பருப்பும் பாலும் காய்கறியும். அடுத்து, தாயின் மாத்திரை. பிள்ளையின் காய்ச்சலுக்குக் கடன் வாங்குபவள் தன் இருமலை 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்கிறாள். வேலை மிகும் வாரத்திலோ, இழந்ததை ஈடுகட்டப் பின்னிரவு வரை சுற்றுகிறாள். புகையிலைத் தூள் அத்தனை நேரமும் மூச்சோடு உட்செல்கிறது. வருவாய் ஏறுவதே நலம் என்னும் பொதுவிதி இங்கே முழுமையாகப் பொருந்தாது.

1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடிமீது பெற்ற தீர்வை இவர்களின் மருத்துவத்திற்கு உதவியது; முக்கூடலில் தனி மருத்துவமனையும் அமைந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீங்கிற்று. ஔடத தானம் செய்ய விழையும் குடும்பங்கள் ஒருநாள் முகாமோடு நில்லாமல், வேலை குறைந்த மாதங்களில் இப்பெண்களின் மருந்துக்கடைக் கணக்கை ஏற்கலாம்.