பழைய எக்காளம் புகட்டும் பாடம்

ஊதுகருவிகளுள் எக்காளம் மிகத் தொன்மையானது. போர்க்களத்திலும் அரசவையிலும் ஆலயத்திலும் அதன் குரல் ஒலித்திருக்கிறது. மேல்நாட்டார் ட்ரம்பெற் என வழங்கும் இக்கருவியில் இக்காலத்தில் மூன்று வால்வுகள் உள்ளன. விரலால் அவற்றை அழுத்தக் குழலின் நீளம் மாறுகிறது; வேண்டிய சுரம் பிறக்கிறது. ஆனால், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவில் பெருவழக்காயிருந்த எக்காளத்திற்கு வால்வும் இல்லை, துளையும் இல்லை. அது வளைத்து அமைக்கப்பட்ட வெறும் பித்தளைக் குழலே. நிமிர்த்தி அளந்தால் அக்குழல் ஏறக்குறைய ஏழு அடி வரும். இன்றைய சாதாரண ட்ரம்பெற்றின் குழலோ நாலரை அடி அளவினதே.

துளையற்ற குழலில் இசை பிறந்தது எவ்வாறு? ஒரே நீளமுள்ள குழலை ஊதும்போது அதன் அடிப்படை ஒலியின் மடங்குகள் மட்டுமே எழும். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் விசையை மாற்றியும், ஊதுவோன் ஒரு மடங்கிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறான். கீழ்ப்பகுதியில் இவ்வொலிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும். எட்டாவது மடங்கிற்கு மேலேதான் படிகள் நெருங்கி, ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரையுள்ள வரிசை கிடைக்கும். அவ்வுயரத்தில் வாசிக்கும் கலையைக் கிளாரினோ என்றனர். அங்கும் இயற்கை முற்றாக உதவுவதில்லை. பதினோராவது ஒலி சுத்த மத்திமத்திற்கும் பிரதி மத்திமத்திற்கும் இடையே நிற்கும். பதின்மூன்றாவது சதுசுருதி தைவதத்திற்குத் தாழ்ந்து ஒலிக்கும். இவற்றை உதட்டின் திறத்தாலேயே செம்மைப்படுத்த வேண்டியிருந்தது.

இத்தகைய நுண்கலை ஏட்டினால் மட்டும் வளர்வதன்று. 1623ஆம் ஆண்டிலே பேரரசன் இரண்டாம் பேர்டினாந்து எக்காளக்காரர் சங்கத்திற்குச் சாசனம் வழங்கினான். அச்சங்கத்தின் ஒழுங்கிலே ஆசிரியன் மாணாக்கனுக்கு நேரே கற்பித்தான்.

அக்காலக் கலைஞருள் புகழ்பெற்றவர் லைப்சிக் நகரத்துக் கொட்ஃபிரீட் றைஹே என்பவர். இசைமேதை யொகான் செபஸ்தியன் பாஹ் அந்நகரில் இயற்றிய எக்காளப் பகுதிகள் பல இவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை என்பர். 1734ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் நாள் இரவு, மாணவர்கள் தீவட்டி ஏந்தி நிற்க, மன்னன் முன்னிலையில் பாஹின் படைப்பொன்று திறந்த வெளியில் அரங்கேறியது. அறுபத்தேழு வயதான றைஹே மறுநாள் வீடு திரும்பும் வழியில் வீழ்ந்து உயிர்நீத்தார். ஊதிய களைப்பும் தீவட்டிப் புகையுமே காரணம் எனக் கூறப்பட்டது.

அவருக்குப் பின் அரை நூற்றாண்டுக்குள் அக்கலை தேய்ந்தது. 1789இல் மோசாட், ஹாண்டலின் மெசாயாவைத் திருத்தியமைத்தபோது அதிலுள்ள எக்காளப் பகுதியை மாற்ற நேர்ந்தது. 1796இல் ஹைடன் இயற்றிய கொன்சேட்டோ, அன்ரன் வைடிங்கர் கையாண்ட சாவித்துளைகளையுடைய புதிய எக்காளத்திற்கு உரியது. 1818இல் ஸ்ரொல்ஸல், புளூமெல் என்னும் இருவர் வால்வுக்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். கருவி வசதி பெற்றது, கிளாரினோ வழக்கொழிந்தது. பாஹின் பகுதிகளை வாசிக்கப் பிற்காலத்தார் சிறிய ட்ரம்பெற்றுக்களைச் செய்தனர். அவற்றுட் சிறியதன் குழல் பழைய குழலின் மூன்றிலொரு பங்கே. சுரம் எளிதில் கிட்டிற்று. பழைய ஒலியோ கிட்டவில்லை.

1960ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே ஒற்றோ ஸ்ரைன்கொப் என்பவர், றைஹேயின் ஓவியத்திற் காணப்படும் சுருண்ட கருவியை முன்மாதிரியாகக் கொண்டு ஓர் எக்காளத்தைச் செய்வித்தார். அதிற் சிறு துளைகள் இடப்பட்டன. அத்துளைகள் பிழைபடும் ஒலிகளைத் திருத்தின. இன்று பழைய இசை வாசிப்போருட் பெரும்பாலோர் இத்தகைய கருவியையே கையாளுகின்றனர். சிலர் மட்டும் துளைகளையும் விலக்கி, முன்னோர் முறையிலேயே ஊதுகின்றனர். மேடையிற் பிழை நேரும் என்னும் அச்சம் ஒருபுறம். துளையிட்டால் அது பழைய கருவியாகாது என்னும் எண்ணம் மறுபுறம். இவ்விரு சாராருடைய வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனினும், இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் பாடங்கள் உள. முதலாவது, செவியே முதன்மையானது என்பது. மேற்படிகள் மிக நெருங்கியிருத்தலால், எழவேண்டிய ஒலியை ஊதுவோன் மனத்தில் முன்னரே கேட்டாலன்றி அது வாயில் எழாது. விரலை நம்பிப் பழகியவனுக்கு இக்குறை உடனே புலனாகும். இரண்டாவது, மென்மை. 1721இல் பாஹ் காணிக்கையாக்கிய பிராண்டன்பேர்க் இசைக்கோவைகளில் இரண்டாவதிலே, எக்காளம் குழலுடனும் ஓபோவுடனும் வயலினுடனும் சமமாக உரையாடுகிறது. நீண்ட குழலை மெல்ல ஊதுபவனுக்கே அவ்விணக்கம் வாய்க்கும். உரத்து முழங்குவோன் ஏனையவற்றை மூழ்கடிப்பான். மூன்றாவது, நாவின் நயம். 1638இல் இத்தாலியரான பன்ரினி வெளியிட்ட நூல், நாவினால் ஒலியைப் பிரிப்பதற்குப் பல்வேறு அசைகளைக் கற்பிக்கிறது. மிருதங்கம் பயில்வோன் சொற்கட்டை முதலில் வாயாற் சொல்லிப் பழகுவது போன்றதே இதுவும்.

வால்வு தீங்கானதன்று, அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், கருவி தானே செய்துதரும் காரியத்தை மனிதன் செய்யப் பழகாவிடின், நாளடைவில் அத்திறன் அவனைவிட்டு நீங்கும். அரும்பொருட்சாலையில் ஓர் எக்காளத்தைப் பல நூற்றாண்டு பேணி வைக்கலாம். அதனை ஊதும் கலையோ ஒரு தலைமுறை பயிலாதொழியின் மறைந்துவிடும். மறைந்ததை மீட்க எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை இன்று துளையற்ற குழலோடு போராடும் கலைஞர் நன்கறிவர்.